சொந்தக் கைபேசியும் அலுவலகக் காவலும்

நிறுவனக் கணினிக்குள் நுழைபவர் யார் என்று கேட்கும் வழக்கம் பழையது. அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் ஃபெர்னாண்டோ கோர்பாட்டோவின் குழு 1961இல் செய்துகாட்டிய சி.டி.எஸ்.எஸ். அமைப்பில் ஒரே கணினியைப் பலர் பகிர்ந்துகொண்டார்கள். அவரவர் கோப்புகளைக் காக்க ஆளுக்கொரு கடவுச்சொல் வந்தது. எந்தக் கருவியிலிருந்து நுழைகிறார் என்ற கேள்வி மட்டும் அடுத்த முப்பது ஆண்டுகளுக்குப் பெரிதாக எழவில்லை. வங்கிகளிலும் விமான நிறுவனங்களிலும் பரவிய பெருங்கணினிகளுக்கு முனையம், கம்பி, மென்பொருள் எல்லாமே நிறுவனம் வாங்கி வைத்தவை. கட்டடத்தைப் பூட்டினால் கணினியையும் ஏறக்குறையப் பூட்டியதாக ஆயிற்று.

இணையம் அந்தப் பூட்டைத் திறந்தது. 1988 நவம்பர் 2ஆம் தேதி பரவிய மாரிஸ் புழு, இணைக்கப்பட்ட கணினிகள் எவ்வளவு எளிதில் ஒன்றையொன்று கெடுக்கும் என்பதைக் காட்டிய பிறகு, நிறுவனங்கள் தங்கள் வலையமைப்பைச் சுற்றி ஃபயர்வால் எழுப்பத் தொடங்கின. உள்ளே இருப்பது நம்பிக்கைக்குரியது, வெளியே இருப்பது ஐயத்துக்குரியது என்ற எளிய பாகுபாடு அது. 1996இல் மைக்ரோசாஃப்ட் விண்டோஸ் என்.டி. 4.0வில் பி.பி.டி.பி. என்ற நெறிமுறையைச் சேர்த்தபோது, வீட்டிலிருந்து வி.பி.என். என்ற தனிப் பாதை வழியாக அலுவலகத்துக்குள் நுழைவது சாதாரண வேலையாயிற்று. பிள்ளைகள் விளையாடும் வீட்டுக் கணினி, இணைப்பு கிடைத்த நொடியில் ஃபயர்வாலின் உட்புறத்துக்கு வந்துவிட்டது. அதில் வைரஸ் இருக்கிறதா, புதுப்பிப்புகள் போடப்பட்டிருக்கின்றனவா என்று வி.பி.என். கேட்கவில்லை. நிறுவனத்துக்குச் சொந்தமல்லாத சாதனம் ஒரு சிக்கலாக உருவெடுத்தது இங்கேதான்.

அதே காலத்தில் வேறொரு வழியும் பிறந்தது. சிட்ரிக்ஸ் நிறுவனம் 1995இல் வெளியிட்ட வின்ஃப்ரேமில் செயலி சர்வரிலேயே ஓடும். பயனரின் கணினிக்குத் திரைப் படம் மட்டும் வரும், அங்கிருந்து விசை அழுத்தமும் சுட்டி அசைவும் மட்டும் போகும். கோப்பு எதுவும் வீட்டுக் கணினியில் தங்காது. வேகம் குறைவு, செலவு அதிகம். ஆனால் சாதனத்தை நம்ப வேண்டிய தேவையை இவ்வளவு குறைத்த யோசனை பின்னரும் அதிகம் வரவில்லை. இன்றைய மெய்நிகர் டெஸ்க்டாப்புகளும் இதே யோசனையில் நிற்பவையே.

கைபேசி வந்தபோது முதலில் நிறுவனங்களின் கையே ஓங்கியிருந்தது. கனடாவின் ரிசர்ச் இன் மோஷன் 1999இல் கொண்டுவந்த பிளாக்பெர்ரியைப் பெரும்பாலும் நிறுவனமே வாங்கிக் கொடுத்தது. அலுவலகத்தில் இருந்த பிளாக்பெர்ரி சர்வரிலிருந்து கடவுச்சொல்லின் நீளம் தொடங்கி கேமரா வரை கட்டுப்படுத்தலாம், தொலைந்துபோனால் தூரத்திலிருந்தே அழிக்கலாம். கருவியும் நிறுவனத்துடையது, தரவும் நிறுவனத்துடையது என்பதால் இதில் யாருக்கும் மனக்குறை இல்லை.

2007 ஜூனில் ஐபோன் வந்தது. ஊழியர்கள் தம் காசில் வாங்கிய போனை அலுவலகத்துக்குக் கொண்டுவந்து, அதில் அலுவலக மின்னஞ்சல் வேண்டும் என்றார்கள். கேட்டவர்களில் மேலதிகாரிகளும் இருந்ததால் ஐடி துறையால் மறுக்க முடியவில்லை. 2008இல் வந்த ஐபோன் ஓ.எஸ். 2.0, அலுவலக மின்னஞ்சலைப் போனுக்குக் கொண்டுவரும் மைக்ரோசாஃப்டின் எக்ஸ்சேஞ்ச் ஆக்டிவ்சிங்கை ஏற்றுக்கொண்டது, 2010இல் ஐ.ஓ.எஸ். 4 சாதன நிர்வாக வசதியையும், ஆண்ட்ராய்டு 2.2 நிர்வாகி அனுமதி முறையையும் சேர்த்துக்கொண்டன. இன்டெல் போன்ற பெரிய நிறுவனங்களும் அந்த ஆண்டுகளிலேயே சொந்தச் சாதனத்தை முறைப்படி அனுமதித்தன. பிளாக்பெர்ரிக்காக வகுத்த அதிகாரம் அப்படியே ஊழியரின் சொந்தப் பொருள் மீது ஏறியது. பின்னால் வந்த பெரும்பாலான தொல்லைகளுக்கு இதுவே வேர். நிறுவனத்தின் கருவியை முழுதாக அழிப்பது நிர்வாகம். ஒருவருடைய சொந்தக் கருவியை முழுதாக அழிப்பது அவருடைய உடைமையில் கைவைப்பது.

அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத்தில் நடந்த ஒரு வழக்கு இதைத் தெளிவாகக் காட்டுகிறது. வீடு கட்டும் நிறுவனம் ஒன்றில் வேலை செய்தவர், தன் ஐபோனை அலுவலக எக்ஸ்சேஞ்ச் சர்வருடன் இணைத்திருந்தார். 2013 பிப்ரவரியில் வேலையை விட்டார். சில நாட்களில் நிர்வாகி அந்தப் போனைத் தொலைவிலிருந்து அழித்தார். அலுவலகத் தகவலோடு குடும்பப் படங்களும் நூற்றுக்கணக்கான தொடர்பு எண்களும் போயின. அவர் கூட்டாட்சி நீதிமன்றத்துக்குப் போனார். கூட்டாட்சிச் சட்டங்களின் கீழ் அவர் வைத்த கோரிக்கைகளை 2014 நவம்பரில் நீதிமன்றம் ஏற்கவில்லை. போனிலேயே சேமித்த தகவல் மின்னணுத் தகவல்தொடர்புச் சட்டம் சொல்லும் மின்னணுச் சேமிப்பு என்ற வரையறைக்குள் வராது, படங்களை இழந்தது கணினி மோசடிச் சட்டம் சொல்லும் இழப்பு ஆகாது என்பது முடிவு. கூட்டாட்சிச் சட்டப்படி நிறுவனம் தப்பியது. ஆனால் அலுவலக மின்னஞ்சலைச் சொந்தப் போனில் சேர்ப்பதற்கு ஊழியர்கள் அஞ்சியதில் நியாயம் உண்டு என்பதை இதைவிட அழுத்தமாகச் சொல்லும் ஆவணம் குறைவு.

அந்த அச்சத்துக்கு மறுமொழியாகவே கருவியை விட்டுவிட்டுத் தரவை மட்டும் பிடிக்கும் முறைகள் வளர்ந்தன. குட் டெக்னாலஜி நிறுவனத்தின் செயலி அலுவலக மின்னஞ்சலைத் தனிப் பெட்டிக்குள் பூட்டி வைத்தது. 2013இல் இதே வேலைக்கு சாம்சங் நாக்ஸ் வந்தது. அதே ஆண்டு ஐ.ஓ.எஸ். 7 அலுவலகக் கோப்பைச் சொந்தச் செயலியில் திறக்காதபடி தடுக்கும் வசதியைத் தந்தது. ஆண்ட்ராய்டு 5.0 ஒரே போனில் பணிக்கென்று தனிப் பகுதியைப் பிரித்தது. மைக்ரோசாஃப்ட் இன்ட்யூன் இன்னும் ஒரு படி போய், போனைப் பதிவுசெய்யாமலே செயலியை மட்டும் நிர்வகிக்க வழி செய்தது. அவுட்லுக்கிலிருந்து வாட்ஸ்அப்புக்கு நகலெடுத்து ஒட்ட முடியாது, இணைப்பைப் போனில் சேமிக்க முடியாது, தனி பின் எண் கேட்கும். வேலையை விட்டால் அந்தச் செயலியில் உள்ள அலுவலகத் தரவு மட்டும் அழியும். குடும்பப் படங்கள் அப்படியே இருக்கும்.

இதற்கிடையே செயலிகளே அலுவலகத்தை விட்டு வெளியேறின. 1999இல் தொடங்கிய சேல்ஸ்ஃபோர்ஸ் போன்றவை முழுக்க இணையத்தில் இயங்கியதால், ஃபயர்வாலுக்குள் இருப்பதும் வெளியே இருப்பதும் பொருளற்றுப்போயின. எந்தக் கணினியிலிருந்தும், எந்த பிரவுசரிலிருந்தும் உள்ளே போகலாம். எல்லா நுழைவையும் ஒரே இடத்தில் சரிபார்க்க 2005இல் வந்த எஸ்.ஏ.எம்.எல். 2.0 தரம் உதவியது. அடையாளச் சேவை ஒன்று வாசலில் நின்று, பயனர் யார் என்பதோடு அவருடைய சாதனம் நிறுவனச் சான்றிதழ் உடையதா, புதுப்பிக்கப்பட்டதா, எந்த நாட்டிலிருந்து வருகிறது என்பதையும் பார்த்து முடிவெடுக்கும். சாதனம் அறிமுகமற்றதாக இருந்தால் முழுதாக மறுக்க வேண்டியதில்லை. இடையில் ஒரு ப்ராக்ஸியை வைத்து ஆவணத்தைப் பார்க்க அனுமதித்து, பதிவிறக்கத்தை மட்டும் தடுக்கலாம். கார்ட்னர் ஆய்வு நிறுவனம் 2012 அளவில் பெயரிட்ட சி.ஏ.எஸ்.பி. கருவிகள் இந்த வேலையைச் செய்தன.

எல்லையை நம்பாதே என்ற கருத்தை 2004இலேயே ஜெரிகோ ஃபோரம் என்ற பாதுகாப்பு வல்லுநர் குழு முன்வைத்திருந்தது. 2010இல் ஃபாரஸ்டர் ஆய்வு நிறுவனத்தின் ஜான் கிண்டர்வாக் அதற்கு ஜீரோ டிரஸ்ட் என்று பெயர் கொடுத்தார். 2010 ஜனவரியில் தன் மீது நடந்த ஊடுருவலை வெளியிட்ட கூகுள், பிறகு பியாண்ட்கார்ப் என்ற அமைப்பைக் கட்டி, 2014 டிசம்பரில் அதை விவரித்துக் கட்டுரை வெளியிட்டது. அலுவலகத்தில் இருந்தாலும் காபிக் கடையில் இருந்தாலும் ஒரே சோதனைதான். இதைப் புகழ்ந்து எழுதுபவர்கள் பலர் ஒரு விவரத்தை விட்டுவிடுகிறார்கள்: அந்தக் கட்டுரையின்படி, நிறுவனம் நிர்வகிக்கும் சாதனங்கள் மட்டுமே செயலிகளை அடைய முடியும். இடம் குறித்த கேள்வியை கூகுள் நீக்கியது. சொந்தச் சாதனம் குறித்த கேள்விக்கு அது தந்த விடை மறுப்புதான்.

சென்னையில் இந்தக் கேள்விக்கு விடை நெடுங்காலம் லாக்கர்தான். 2000இல் டைடல் பார்க் திறக்கப்பட்ட பின் பழைய மகாபலிபுரம் சாலையில் பெருகிய மென்பொருள், கால் சென்டர் அலுவலகங்களில், வெளிநாட்டு வாடிக்கையாளரின் ஒப்பந்தப்படி ஓ.டி.சி. என்ற தனித் தளங்கள் இருந்தன. பலவற்றில் கேமரா போனை வெளியே வைத்துவிட்டுத்தான் நுழைய வேண்டும். யு.எஸ்.பி. வழி அடைக்கப்பட்டிருக்கும். 2020 மார்ச்சில் கொரோனா ஊரடங்கை ஒட்டி மத்தியத் தொலைத்தொடர்புத் துறை வீட்டிலிருந்து வேலை செய்வதற்கான விதிகளைத் தளர்த்தியது. நிறுவனங்கள் அலுவலக மேசைக் கணினிகளையே ஊழியர் வீடுகளுக்கு அனுப்பின. கணினி எட்டாத இடங்களில் சொந்த லேப்டாப்பில் மெய்நிகர் டெஸ்க்டாப்பைத் திறந்து வேலை நடந்தது. இருபது ஆண்டுகள் கட்டிக்காத்த ஏற்பாடு சில வாரங்களில் மாறியது.

வீட்டுக் கணினியின் ஆபத்து கற்பனையானது அல்ல என்பதை அடுத்த ஆண்டுகள் காட்டின. 2022இல் கடவுச்சொல் காப்பகச் சேவையான லாஸ்ட்பாஸில் நடந்த ஊடுருவலில், தாக்கியவர்கள் மூத்த பொறியாளர் ஒருவரின் வீட்டுக் கணினியில் இருந்த ஊடக மென்பொருளின் ஓட்டை வழியாகப் புகுந்து, விசைப் பதிவு நிரலை வைத்து, அவருடைய முதன்மைக் கடவுச்சொல்லைப் பிடித்தார்கள். 2024இல் தரவுச் சேமிப்புச் சேவையான ஸ்னோஃப்ளேக்கின் வாடிக்கையாளர்களின் தரவு திருடப்பட்டபோது, பாதிக்கப்பட்டிருக்கக்கூடிய சுமார் 165 நிறுவனங்களுக்கு எச்சரிக்கை போனது. ஒப்பந்தப் பணியாளர்கள் விளையாட்டுக்கும் திருட்டு மென்பொருளுக்கும் பயன்படுத்திய கணினிகளிலிருந்து களவுபோன கடவுச்சொற்களும் அதற்கு வழிவிட்டதாக மாண்டியன்ட் நிறுவனம் கண்டறிந்தது. கடவுச்சொல்லோடு இரண்டாவது சோதனை ஒன்று இருந்திருந்தால் திருடிய கடவுச்சொல்லை மட்டும் வைத்து அந்தக் கணக்குகளில் நுழைந்திருக்க முடியாது.

2022இல் வெளிச்சத்துக்கு வந்த ஐலண்ட் நிறுவனமும், 2023இல் பாலோ ஆல்டோ நெட்வொர்க்ஸ் வாங்கிய டலானும் இப்போது காவலை பிரவுசருக்குள்ளேயே வைத்துள்ளன. ஒப்பந்தப் பணியாளர் தன் கணினியில் அந்த பிரவுசரை நிறுவினால் போதும். அதற்கு வெளியே உள்ள எதையும் நிறுவனம் தொடுவதில்லை. உள்ளே நகலெடுப்பதையும் அச்சிடுவதையும் திரைப்பிடிப்பையும் தடுக்கலாம். பக்கத்தில் இருக்கும் இன்னொரு போனால் திரையைப் படமெடுப்பதை மட்டும் இந்த பிரவுசர்களால் தடுக்க முடிவதில்லை. அதனால் படம் வெளியானால் யாருடைய திரை என்று தெரியும்படி, பயனரின் மின்னஞ்சல் முகவரியைப் பக்கத்தின் மீது மங்கலாக அச்சிடும் வசதி இவற்றில் உண்டு.