பிரிந்து போகும் உரிமை

2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை இலங்கையின் கரையோரங்களை அழித்தபோது, காணாமற்போனோர் யார், எந்த முகாமில் எவர் இருக்கின்றார், எங்கே என்ன தேவை என்ற கேள்விகளுக்கு ஒரே இடத்தில் விடை கிடைக்கவில்லை. அந்நாட்களில் இலங்கையின் தன்னார்வ நிரலாளர்கள் எழுதிய திறமூல மென்பொருளே 'சஹானா'. நிவாரணம் என்பது அச்சிங்களச் சொல்லின் பொருள். 2005இல் பாகிஸ்தான் நிலநடுக்கத்தின்போதும், 2006இல் பிலிப்பைன்ஸ் மண்சரிவின்போதும் அது பயன்பட்டது.

பின்னர் பாதை இரண்டானது. முதல் சஹானா பிஎச்பி மொழியில் எழுதப்பட்டது. பைதான் மொழியில் புதிதாக எழுதுவதே நல்லது என்று ஒரு சாரார் கருதினர். அவர்களின் ஆக்கம் 'ஈடன்' ஆயிற்று. பழைய வழி 'அகஸ்தி' என்ற பெயரில் தொடர்ந்தது. 2009இல் அமெரிக்காவில் அமைந்த சஹானா அறக்கட்டளையின் கூரையின் கீழ் இரண்டும் இருந்தன. 2010 ஹெயிட்டி நிலநடுக்கத்தில் களமிறங்கியது ஈடன். ஒரே பெயர், இரு வேறு நிரல்கள். இரண்டுக்கும் உழைக்க வேண்டியவர்களோ ஒரு சிலரே.

உலகெங்கும் இது நடந்திருக்கிறது. ஜிசிசி தொகுப்பியை நடத்தியோர் மாற்றங்களை ஏற்கத் தயங்கியதால், 1997இல் சிலர் பிரிந்து 'எக்ஸ்' என்ற பெயரில் தனியே வளர்த்தனர். 1999இல் பிரிந்து போனதே அதிகாரபூர்வ ஜிசிசியாக ஏற்கப்பட்டது. ஓப்பன் ஆபிஸ் ஆரக்கிள் நிறுவனத்தின் கைக்குப் போனபின், 2010இல் அதன் பங்களிப்பாளர் பலர் வெளியேறி லிப்ரே ஆபிஸைத் தொடங்கினர். இந்தப் பிரிவு மீண்டும் ஒன்றாகவில்லை.

திறமூல உலகில் தலைவருக்குப் படையும் இல்லை, சம்பளப் பட்டியலும் இல்லை. நிரலை எவரும் எடுத்துச் செல்லலாம் என்ற உரிமமே அவரை அடக்கி வைக்கிறது. அதனால் பிரிவைத் துரோகம் என்று சொல்வது தவறு. ஆனால் அந்த உரிமைக்கு விலையும் உண்டு. பெரிய திட்டங்கள் அதைத் தாங்கும். பத்துப் பேர் உழைக்கும் திட்டம் ஐந்தும் ஐந்துமாகப் பிரிந்தால் இரண்டும் மெலியும்.

அந்த விலையைக் கடைசியில் கொடுப்பவர் நிரலாளர் அல்லர். ஊர்காவற்றுறையிலிருந்து படகேறிச் சேரவேண்டிய எழுவைதீவு போன்ற சிற்றூர், பேரிடரில் தன் மக்களைக் கணக்கெடுக்க விலைகொடுத்து மென்பொருள் வாங்கப் போவதில்லை. அதற்கு வேண்டியது இலவசமான, பராமரிக்கப்படுகிற ஒன்று. நிரல் யாருடைய தலைமையில் எழுதப்பட்டது என்று அங்கே எவரும் கேட்கமாட்டார்கள். தேவைப்படும் நாளில் அது இயங்குகிறதா என்றுதான் கேட்பார்கள்.