நாலு தலைமுறை, ஒரே மண்டபம்

இன்னிக்கு மொக்கை கிடையாது, சினிமா விமர்சனமும் கிடையாது. வரலாறு. கொஞ்சம் நீளமாவும் போகும். டீயோ காப்பியோ எடுத்துட்டு வந்து உக்காருங்க :)

மதுரைக்காரங்ககிட்ட "இலங்கை அகதிகள் முகாம் எங்க இருக்கு?"ன்னு கேட்டுப் பாருங்க. "ராமேஸ்வரம் பக்கம், மண்டபத்துல"ன்னுதான் பெரும்பாலும் பதில் வரும். ஆனா நம்ம ஊரைச் சுத்தியே மூணு இருக்கு. கூடல்நகர் தாண்டினா ஆனையூர். திருமங்கலம் போற வழியில உச்சப்பட்டி. மேலூர் பக்கம் திருவாதவூர். ஆமா, மாணிக்கவாசகர் பிறந்த அதே வாதவூர்தான். 2021 ஆகஸ்ட்ல தமிழக அரசு இதுக்கெல்லாம் 'இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்'னு பேர் மாத்திடுச்சு. ஊர் வாயில இன்னும் 'அகதி முகாம்'தான்.

1983ல இருந்து கடல் தாண்டி வந்தவங்க மொத்தம் 3 லட்சத்துக்கும் மேல. நிறைய பேர் திரும்பிப் போயிட்டாங்க, இல்ல வேற நாட்டுக்குப் போயிட்டாங்க. 2021 கணக்குப்படி தமிழ்நாட்டுல 108 முகாம்கள்ல சுமார் 58 ஆயிரம் பேர். முகாமுக்கு வெளியே பதிஞ்சு இருக்கிறவங்க இன்னொரு 34 ஆயிரம் பேர்.

இதெல்லாம் பேப்பர்ல வர்ற மேட்டர்தான். நான் சொல்ல வந்தது வேற. முகாம்ல இருக்கிறவங்கள்ல ஒரு பகுதி, யாழ்ப்பாணம், மன்னார்னு காலங்காலமா அந்த மண்ணுலயே வாழ்ந்தவங்க. இன்னொரு கணிசமான பகுதி மலையகத் தமிழர்கள். இவங்களோட பாட்டன், பூட்டன் எல்லாம் மதுரை, ராமநாதபுரம், திருச்சி, புதுக்கோட்டைச் சீமையில இருந்து இலங்கைக்குப் போனவங்க. இந்த ரெண்டாவது வகைக் குடும்பங்களோட கதையைத் தலைமுறை தலைமுறையா எடுத்துப் பார்த்தா, ஒவ்வொரு தலைமுறையிலயும் ஒரு குழந்தை அப்பா அம்மா கையைப் பிடிச்சுக்கிட்டு எங்கேயோ கிளம்பி நிக்குது. பல தடவை அது நிக்கிற இடமும் ஒண்ணுதான். மண்டபம்.

முதல் தலைமுறை

நம்ம பக்கம் பெருசுங்க இதை 'கண்டிச் சீமைக்குப் போறது'ம்பாங்க. 19ஆம் நூற்றாண்டுல முதல்ல காப்பித் தோட்டம். 1869ல இலைநோய் வந்து காப்பி அழியவும் தேயிலை. தோட்டத்துக்கு ஆள் பிடிக்க கங்காணி ஊருக்கு வருவார். முன்பணம் கொடுப்பார். அந்தக் கடன் ஆளோட கணக்குல ஏறிடும். வேற தோட்டத்துக்கு மாறணும்னா கடன் எவ்வளவுன்னு எழுதின சீட்டு வேணும். அதுக்குப் பேரே 'துண்டு'. 1921ல சட்டம் போட்டுத்தான் அதை ஒழிச்சாங்க.

ஏன் போனாங்க? மழை இல்ல, கஞ்சி இல்ல. 1876-78 தாது வருஷப் பஞ்சத்தைப் பத்திக் கேள்விப்பட்டிருப்பீங்க. மானாவாரி பூமி பொய்ச்சா குடும்பத்தோட கிளம்புறதைத் தவிர வேற வழி இல்ல. அதுவும் ஒரு தப்பி ஓடுறதுதான். துரத்தினது பசி, அவ்வளவுதான் வித்தியாசம்.

20ஆம் நூற்றாண்டு ஆரம்பத்துல இலங்கை அரசாங்கம் நம்ம கரையில மண்டபத்துலயே ஒரு முகாம் கட்டினது. காலரா, பிளேக் எல்லாம் தீவுக்குள்ள வந்துடக்கூடாதுன்னு, போற கூலி ஆட்களை அங்க சில நாள் தங்க வச்சு, பரிசோதிச்சு, அப்புறம்தான் கப்பல் ஏத்துவாங்க. 'மண்டபம் கேம்ப்'ங்கிற பேரே அப்படி வந்ததுதான்.

ரெண்டாவது தலைமுறை

இவங்க மலையிலயே பிறந்தவங்க. மதுரைன்னா அப்பா சொன்ன கதை, அவ்வளவுதான். 1948 பிப்ரவரியில இலங்கைக்குச் சுதந்திரம். அதே வருஷம் குடியுரிமைச் சட்டம். அப்பன், இல்லன்னா பாட்டனும் பூட்டனும் இங்கதான் பிறந்தாங்கன்னு காகிதத்துல நிரூபின்னு கேட்டா, லயத்துல குடியிருக்கிற தொழிலாளி எங்க போவான்? சுமார் 7 லட்சம் பேர் ஒரே சட்டத்துல நாடில்லாதவங்க ஆனாங்க.

1964 அக்டோபர் 30ல சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தம். 9,75,000 பேர்ல 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு. மிச்சம் 1,50,000 பேரை 1974ல இந்திரா காந்தி காலத்துல ஆளுக்குப் பாதியாப் பிரிச்சாங்க. சம்பந்தப்பட்ட ஜனங்ககிட்ட யாரும் ஒரு வார்த்தை கேக்கல. வீட்டுல அண்ணன் தம்பி பாத்திரம் பிரிக்கிறப்போ கூட அம்மாவை ஒரு வார்த்தை கேப்பாங்க.

அப்படி 'தாயகம் திரும்பியோர்' வந்து இறங்கினதும் மண்டபத்துலதான். அப்பன் போறப்போ பரிசோதனைக்கு நின்ன ஊர்ல, பிள்ளை வர்றப்போ பதிவுக்கு நின்னுது. 1984 வாக்குல போர் காரணமா ராமேஸ்வரம் - தலைமன்னார் கப்பல் நின்னு போச்சு. இந்தியாவுக்கு வர எழுதிக் கொடுத்துட்டு, வர முடியாம அங்கேயே மாட்டிக்கிட்டவங்களும் உண்டு.

மூணாவது தலைமுறை

1977 கலவரத்துல அடிபட்ட மலையகக் குடும்பங்கள் பல, தோட்டத்தை விட்டு வவுனியா, கிளிநொச்சிப் பக்கம் போய்க் குடியேறினாங்க. தமிழர் பகுதி, இங்க பாதுகாப்பா இருக்கலாம்ங்கிற நம்பிக்கை. 1983 ஜூலை 24 ராத்திரி கொழும்புல ஆரம்பிச்ச வெறியாட்டம் அந்த நம்பிக்கையைக் காலி பண்ணுச்சு. அப்புறம் அலை அலையா வந்தாங்க. 1987 ஒப்பந்தத்துக்கு அப்புறம் சிலர் திரும்பினாங்க. 1990 ஜூன்ல மறுபடி போர் வெடிச்சு, ஒரு லட்சத்துக்கும் மேல ஓடி வந்தாங்க. 1996லயும் 2006லயும் மறுபடி.

தலைமன்னார்ல இருந்து தனுஷ்கோடி முப்பது கிலோமீட்டர் சொச்சம்தான். ராத்திரியில, அளவுக்கு மேல ஆள் ஏத்தின ஃபைபர் படகுல. நேவி கண்ணுல படக்கூடாதுன்னு அழுற குழந்தையோட வாயைப் பொத்திக்கிட்டு வந்த அம்மாக்கள் எத்தனையோ பேர். நிறைய படகுக்காரங்க கரை வரைக்கும் கூட வரமாட்டாங்க. நடுவுல இருக்கிற மணல் திட்டுல "இதுதான் இந்தியா"ன்னு இறக்கி விட்டுட்டுப் போயிடுவாங்க. விடிஞ்சு பார்த்தா நாலு பக்கமும் தண்ணி. குடிக்க ஒரு சொட்டு கிடையாது. நம்ம மீனவர்களோ கடலோரக் காவல் படையோ பார்த்துத் தூக்கிட்டு வரணும். இது பழைய கதைன்னு நினைச்சுடாதீங்க. 2022 மார்ச் 22ல, இலங்கைப் பொருளாதாரம் படுத்தப்போ, ரெண்டு குழுவா 16 பேர் வந்தாங்க. பாதி பேர் குழந்தைங்க. ஒரு குழு அப்படி ஒரு திட்டுலதான் கிடந்தது.

கரைக்கு வந்ததும் எங்க கொண்டு போனாங்க? வேற எங்க, மண்டபம்தான். அங்க பதிஞ்சு, அங்கிருந்து ஆனையூருக்கும் உச்சப்பட்டிக்கும் திருவாதவூருக்கும் பிரிச்சு அனுப்பினாங்க. பத்துக்குப் பத்து வீடு. மாசாமாசம் செக்கிங், ஆள் இருந்தாத்தான் பணக்கொடை. க்யூ பிராஞ்ச் கண்காணிப்பு.

1991ல ராஜீவ் காந்தி கொலைக்கு அப்புறம் ஊர் பார்வையே மாறிப்போச்சு. உயர்கல்வியில அகதிப் பிள்ளைகளுக்கு இருந்த சலுகை நின்னுது. 1992ல இருந்து 95க்குள்ள ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்டவங்களைத் திருப்பி அனுப்பினாங்க. அஞ்சு வயசுல படகுல வந்த குழந்தை அந்தக் கொலையில என்ன செஞ்சிருக்கும்? ஆனா சந்தேகம் அது மேலயும் விழுந்துச்சு. அந்தக் காலத்துலயும் பிள்ளைங்க படிப்பை விடலைங்கிறதுல, எஸ்.சி. சந்திரகாசன் 1984ல ஆரம்பிச்ச ஒஃபர் மாதிரி அமைப்புகளுக்கும், சாயங்காலம் டியூஷன் எடுத்த முகாம் அண்ணன் அக்காக்களுக்கும் பெரிய பங்கு உண்டு.

நாலாவது தலைமுறை

இவங்க எந்தப் படகுலயும் ஏறாதவங்க. இங்கேயே பிறந்து, நம்ம கவர்மென்ட் ஸ்கூல்ல படிச்சு, மதுரைத் தமிழ் பேசுறவங்க. இங்கதான் சட்டம் உள்ள வருது. நம்ம பொட்டி தட்டுற பாஷையில சொன்னா மூணே மூணு இஃப் கண்டிஷன்.

1987 ஜூலை 1க்கு முன்னாடி இந்தியாவுல பிறந்திருந்தா, அப்பா அம்மா யாரா இருந்தாலும் பிறப்பால நீ இந்தியக் குடிமகன். அந்தத் தேதியில இருந்து 2004 டிசம்பர் 3க்கு முன்னாடி வரைக்கும் பிறந்திருந்தா, பெற்றோர்ல ஒருத்தராவது இந்தியரா இருக்கணும். அதுக்கு அப்புறம்னா, ரெண்டு பேரும் இந்தியர், இல்ல ஒருத்தர் இந்தியர், மத்தவர் சட்டவிரோதமா வந்தவரா இருக்கக்கூடாது.

1986ல மண்டபம் முகாம்ல ஒரு பெண் குழந்தை பிறந்துச்சு. வளர்ந்து பாஸ்போர்ட் கேட்டப்போ கிடையாதுன்னுட்டாங்க. கேஸ் நம்ம மதுரைக் கிளைக்கு வந்தது. 2022 ஆகஸ்ட்ல உயர்நீதிமன்றம் அவங்க இந்தியர்தான், பாஸ்போர்ட் கொடுங்கன்னு சொல்லிடுச்சு. 2024 ஏப்ரல் 19 தேர்தல்ல அவங்க முதல் ஓட்டு போட்டாங்க. அப்போ வயசு 38. அதே முகாம்ல, அதே மாதிரி ஒரு அம்மாவுக்கு, 1987 ஆகஸ்ட்ல ஒரு குழந்தை பிறந்திருந்தா? கதை முடிஞ்சுது.

என்கூட இன்ஜினியரிங் படிச்ச ஒருத்தன் முகாம்ல இருந்து வந்தவன்தான். டேட்டா ஸ்ட்ரக்சர்ஸ்ல எனக்கு அவன்தான் வாத்தியார். கேம்பஸ்ல செலக்ட் ஆனான். கம்பெனி பேர் வேண்டாம். பாஸ்போர்ட் கேட்டாங்க, இல்லன்னான். ஆஃபர் லெட்டர் அப்படியே அமுங்கிப் போச்சு. "ஃபாரத்துல நேஷனாலிட்டின்னு ஒரு கட்டம் இருக்கே மாப்ள, அதுல என்னத்தடா எழுத?"ன்னு கேட்டான். அவனோட பூட்டன் போனது ராமநாதபுரம் பக்கத்துல இருந்து.

2019 ஜூன்ல இதே மதுரைக் கிளையில, இப்படி இந்திய வம்சாவளியில வந்த மலையகத் தமிழர்கள் 65 பேர் போட்ட வழக்குல, அவங்க குடியுரிமை கேட்டு விண்ணப்பிக்கலாம், மத்திய அரசு 16 வாரத்துல முடிவு எடுக்கணும்னு உத்தரவு வந்தது. அதே வருஷம் டிசம்பர்ல குடியுரிமைத் திருத்தச் சட்டம் வந்தப்போ பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான் இருந்துச்சு. இலங்கை இல்ல. 2025 செப்டம்பர்ல, 2015 ஜனவரி 9 வரைக்கும் வந்து பதிஞ்ச இலங்கைத் தமிழர்களுக்குப் பாஸ்போர்ட், விசா இல்லாததுக்கான தண்டனையில இருந்து விலக்கு கொடுத்தாங்க. நல்லதுதான். ஆனா குடியுரிமை வேற, அது இதுல வரல. 1951 அகதிகள் உடன்படிக்கையில இந்தியா கையெழுத்துப் போடலை. ஆனா 1992 டிசம்பர்ல குழந்தைகள் உரிமை உடன்படிக்கையில சேர்ந்திருக்கு. ஒவ்வொரு குழந்தைக்கும் ஒரு நாட்டுக் குடியுரிமை பெற உரிமை உண்டுன்னு அதோட 7ஆவது பிரிவு சொல்லுது.

குறை மட்டும் சொல்லக்கூடாது. 2021ல தமிழக அரசு 317 கோடி ரூபாய்க்குத் திட்டம் அறிவிச்சது. 7,469 வீடுகளைப் புதுசாக் கட்டுறதும் அதுல ஒண்ணு. குழந்தைக்கான மாசப் பணக்கொடை 400ல இருந்து 500 ஆச்சு. ஆனா குடியுரிமை மாநில அரசு கையில இல்லையே.

ஓடி வந்தவங்களை ஊராக்கிக்கிறது மதுரைக்குப் புதுசும் இல்ல. மகால் பக்கம் போனா காதுல விழுற சௌராஷ்டிர மொழி, கூர்ஜரத்துல இருந்து படையெடுப்புக்குத் தப்பிக் கிளம்பி, விஜயநகரம் வழியா நாயக்கர் காலத்துல இங்க வந்து நிலைச்ச நெசவாளிகளோடதுன்னு அவங்க மரபு சொல்லுது. சுங்குடிச் சேலையைக் கொடுத்தாங்க, டி.எம்.எஸ். குரலைக் கொடுத்தாங்க. அவங்க பிள்ளைங்ககிட்ட 'உங்க பூட்டன் எந்தத் தேதியில வந்தார்?'னு நாம யாரும் கேட்டதில்ல.

இன்னிக்கு மேலூர் அரசு ஆஸ்பத்திரியில பக்கத்துப் பக்கத்துக் கட்டில்ல ரெண்டு குழந்தை பிறக்குதுன்னு வைங்க. ஒண்ணு திருவாதவூர் ஊருக்குள்ள போகும், இன்னொண்ணு திருவாதவூர் முகாமுக்குப் போகும். ரெண்டுக்கும் ஒரே மாதிரி பிறப்புச் சான்றிதழ், ஒரே ஸ்கூல். பதினெட்டு வயசுல ஒண்ணுக்கு வாக்காளர் அட்டை வரும். இன்னொண்ணு அந்த வயசுலயும் செக்கிங்குக்கு வரிசையில நிக்கும். அதோட பூட்டனுக்கு அப்பன் மண்டபத்துல நின்ன அதே வரிசை.

டிஸ்கி: உங்க ஊர் முகாம்ல கூடப் படிச்ச நண்பர்கள் யாராவது இருந்தா, பின்னூட்டத்துல எழுதுங்க. பேர் மட்டும் போட்டுடாதீங்க, ப்ளீஸ்.