கிறித்து பிறப்பு விழாவின் நாள்: ஒரு வரலாற்று நோக்கு

விழா என்பது ஒரு மக்கள் கூட்டத்தின் நினைவு. அந்நினைவு நிலைபெற ஒரு நாள் வேண்டும். அந்நாள் எவ்வாறு அமைந்தது என வினவுங்கால் இருவகை விடைகள் எழுகின்றன. தொன்றுதொட்டு வருவது, ஆதலின் ஆராய்ச்சிக்கு இடமில்லை என்பர் ஒரு சாரார். பிறரிடமிருந்து எடுத்துக்கொண்டது, ஆதலின் பொய்யானது என்பர் மற்றொரு சாரார். கிறித்து பிறப்பு விழா கொண்டாடப்பெறும் டிசம்பர் 25 பற்றி இவ்விரு குரல்களும் மேடைகளில் மாறிமாறி ஒலிக்கின்றன. வரலாறு இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட ஒரு வழியில் செல்கிறது. தன் பெருவிழாவின் மாதம் மாறிய வரலாற்றை நினைவில் வைத்திருக்கும் மதுரை, அவ்வழியைக் காண்பதற்கு ஏற்ற இடமாகும்.

நூல்களில் நாள் இல்லை

இயேசுவின் பிறப்பை விரித்துரைப்பன மத்தேயு, லூக்கா ஆகிய இரு நற்செய்தி நூல்களே. அவை ஊரைக் கூறுகின்றன. ஆண்ட அரசனைக் கூறுகின்றன. மாதத்தையோ நாளையோ கூறவில்லை. தொடக்ககாலக் கிறித்தவர்க்கு உயிர்ப்பு விழாவே தலையாய விழாவாக இருந்தது. கி.பி. 200ஐ ஒட்டி வாழ்ந்த அலெக்சாந்திரியாக் கிளமெந்து, பிறந்த நாளைக் கணிக்க முயன்ற சிலரைப் பற்றி எழுதுகிறார். மே 20 என்பது அவர் குறிப்பிடும் நாள்களுள் ஒன்று. டிசம்பர் 25 அவற்றுள் இடம்பெறவில்லை.

உரோமைக் கணக்கு

டிசம்பர் 25ஐக் கிறித்து பிறந்த நாளாகக் குறிக்கும் மிகப் பழைய உறுதியான சான்று, உரோமையில் கி.பி. 354இல் தொகுக்கப்பெற்ற நாட்குறிப்புத் தொகுப்பாகும். அதில் உள்ள இப்பகுதி 336ஆம் ஆண்டளவில் எழுதப்பெற்றதாதல் வேண்டும் என்பர் அறிஞர். அதே தொகுப்பின் மற்றொரு பகுதி, அதே நாளை 'வெல்லப்படாதவன்' பிறந்த நாள் என்று குறிக்கிறது. அது கதிரவனைச் சுட்டும் பெயர் என்பது பொதுக் கருத்து. அவுரேலியன் என்னும் பேரரசன் 274இல் உரோமையில் கதிரவனுக்குக் கோயில் எடுத்தவன். ஒரே ஏட்டில் இரு பிறந்த நாள்களும் அடுத்தடுத்து நிற்கின்றன.

இதனை விளக்க அறிஞர் இரு கொள்கைகளை வகுத்துள்ளனர். கதிரவன் விழாவுக்கு மாற்றாகவே கிறித்து விழா அமைந்தது என்பது ஒன்று. மற்றொன்று கணக்கை அடிப்படையாகக் கொண்டது. இயேசு சிலுவையில் இறந்த நாள் மார்ச் 25 என்னும் மரபு தெர்த்துல்லியன் காலத்திலேயே, அஃதாவது 200ஐ ஒட்டியே இருந்தது. அவர் கருவில் உருவானதும் அதே நாளில்தான் எனப் பின்னர்க் கொண்டனர். மார்ச் 25இலிருந்து ஒன்பது திங்கள் எண்ணினால் டிசம்பர் 25 வரும். இரண்டனுள் எது முந்தியது என்னும் வழக்கு இன்றும் முடியவில்லை. எனினும், இரண்டுக்கும் அடியில் ஓர் இயற்கை நிகழ்ச்சி உண்டு. உரோமையரின் பழங்கணக்கில் டிசம்பர் 25 என்பது கதிரவன் தென்கோடி சென்று வடக்கே திரும்பும் நாள். பகல் வளரத் தொடங்கும் நாளில் ஒளியின் பிறப்பை வைத்தல் கவியுள்ளம் படைத்தோர் செயல் எனலாம்.

கீழைத் திருச்சபைகள் சனவரி 6ஐப் போற்றிவந்தன. அந்தியோக்கியாவில் 386ஐ ஒட்டி மறையுரை ஆற்றிய யோவான் கிறிசோசுதோம், டிசம்பர் 25 தம் மக்களுக்குத் தெரியவந்து பத்தாண்டுகள்கூட ஆகவில்லை என்கிறார். ஆர்மீனியத் திருச்சபை இன்றும் சனவரி 6ஐ விட்டுக்கொடுக்கவில்லை. சென்னையில் 1772இல் கோயில் எழுப்பிய ஆர்மீனிய வணிகர் இம்மரபினரே. அவர்தம் தெருவைத் தமிழர் நாக்கு 'அரண்மனைக்காரன் தெரு' ஆக்கிவிட்டது.

தமிழகத்தில் இரு டிசம்பர்

பழைய யூலியன் ஆண்டு உண்மைக் கதிராண்டினும் சற்றே நீண்டது. அதனால் சேர்ந்த பிழையைத் திருத்தத் திருத்தந்தை பதின்மூன்றாம் கிரகோரி, 1582இல் அக்டோபர் 4ஐ அடுத்த நாளை அக்டோபர் 15 ஆக்கினார். போர்த்துகல் அதனை அவ்வாண்டே ஏற்றது. 1606இல் மதுரை வந்து தத்துவ போதகர் எனப் பெயர் பெற்ற இராபர்ட் தெ நொபிலி கொண்டுவந்தது இப்புதிய நாட்காட்டியே. ஆங்கிலேயரோ 1752 வரை பழைய கணக்கையே பின்பற்றினர். அதனால் 17ஆம் நூற்றாண்டில், மதுரைக் கத்தோலிக்கர் விழாக் கொண்டாடிப் பத்து நாள் கழிந்த பின்னரே சென்னைக் கோட்டை ஆங்கிலேயருக்கு டிசம்பர் 25 பிறந்தது. ஒரே தமிழ் நிலத்தில் ஒரே விழாவுக்கு இரு நாள்கள்!

தமிழர் கணக்கில் அது மார்கழி. பாவைப் பாடல்கள் வைகறையில் ஒலிக்கும் திங்களில் இவ்விழா வந்து அமர்ந்தது. தமிழாண்டு விண்மீன்களை அடியாகக் கொண்டது. அதனால் தை முதல் நாள், கதிர்த் திருப்பத்தினின்று ஏறத்தாழ 72 ஆண்டுக்கு ஒரு நாள் விலகிவருகிறது. இற்றைக்கு 1700 ஆண்டுகளுக்கு முன்னர்த் தைப் பிறப்பும் கதிர்த் திருப்பமும் ஏறத்தாழ ஒன்றியிருந்தன. உரோமையில் டிசம்பர் 25 நிலைபெற்றதும் அக்காலத்தை ஒட்டியே. பொங்கலும் கிறித்து பிறப்பும் கதிரவன் திரும்பிய ஒரே வாயிலில் நின்று, பின்னர்த் தத்தம் வழியில் சென்றவை எனலாம்.

1834இல் மதுரையில் பணி தொடங்கிய அமெரிக்க மறைப்பணியாளர் வேறொரு மரபினர். அவர்தம் முன்னோராகிய தூய்மைவாதிகள், மறைநூலில் நாள் இல்லை என்பதனாலேயே இவ்விழாவை வெறுத்தவர்கள். மாசசூசெட்சில் 1659 முதல் 1681 வரை இதனைக் கொண்டாடுவோர்க்குத் தண்டம் விதிக்கப்பட்டது. அங்கு இந்நாள் அரசு விடுமுறையானது 1856இல்தான். ஆயினும் அவர்கள் வளர்த்த மதுரைச் சபைகளில் இன்று இவ்விழா சிறப்பாக நடைபெறுகிறது. சட்டத்தினும் வலியது மக்கள் விருப்பம்.

மாசியும் சித்திரையும்

மீனாட்சி திருமணம் முன்னர் மாசியில் நடைபெற்றது என்பது மதுரையின் வழிவழிச் செய்தி. திருமலை நாயக்கர் (1623-1659) அதனைச் சித்திரைக்கு மாற்றி, தேனூரில் வைகையில் இறங்கிய அழகரை மதுரைக்கு வரச்செய்தார் என்பர். சைவ, வைணவ விழாக்கள் இரண்டும் அதனால் ஒன்றாயின. அறுவடை முடிந்து வைகைச் சமவெளி உழவர் ஓய்ந்திருக்கும் காலம் சித்திரை. இன்றும் சித்திரைத் தேர் மாசி வீதிகளில் ஓடுகிறது. மாற்றத்தின் சுவடு வீதியின் பெயரிலேயே உறைந்துள்ளது. ஆயினும், ஆற்றங்கரையில் திரளும் இலட்சோபலட்சம் மக்களுள் எவரும் அவ்விழாவைப் பொய் என்று எண்ணுவதில்லை.

தமிழ்ப் புலவர்க்கு இன்னும் அண்மையான சான்று உண்டு. திருவள்ளுவர் பிறந்த நாளை எந்த ஏடும் குறிக்கவில்லை. எனினும், பொது ஆண்டோடு 31ஐக் கூட்டித் திருவள்ளுவர் ஆண்டு எழுதுகிறோம். தை இரண்டாம் நாளைத் திருவள்ளுவர் நாளாகப் போற்றுகிறோம். குறள் நம்மிடம் இருப்பதனால் நாளை நாமே அமைத்துக்கொண்டோம்.

ஆகவே, விழா நாள் பிறப்புச் சான்றிதழ் அன்று. ஒரு சமுதாயம் தான் போற்றும் ஒன்றை எங்கே வைத்து நினைப்பது எனத் தேர்ந்த இடம் அது. அத்தேர்வில் வானநூலும் அரசியலும் உழவும் பங்கு கொள்கின்றன. அவ்வரலாற்றை அறிதல் விழாவுக்கு இழுக்காகாது. மறைத்தல் புலமைக்கு இழுக்காகும். கீழவெளி வீதியின் மரியன்னை பேராலயத்தில் நள்ளிரவு மணி ஒலித்த சில நாழிகையில், கோயில்களில் பாவைப் பாடல் தொடங்குகிறது. நாள்களின் கணக்கு வேறாயினும், இருள் கழிந்து ஒளி வரும் என்னும் நம்பிக்கை இரண்டிற்கும் பொது.