விக்ஸ்பர்க் மேடும் போர்ட்டரின் பொய்க்கப்பலும்

பிளஃப் என்னும் ஆங்கிலச் சொல், முதலில் அகன்று நிமிர்ந்த கப்பல் முகப்பைக் குறித்து, பின்னர் வட அமெரிக்கக் குடியேறிகளிடையே ஆற்றங்கரையில் செங்குத்தாக எழுந்து நிற்கும் மண்மேட்டுக்குப் பெயரானது. கையில் மதிப்பற்ற சீட்டுகளை வைத்துக்கொண்டே பந்தயத்தை உயர்த்தி எதிராளியை மிரட்டி விலகச் செய்வதை, 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் போக்கர் ஆட்டக்காரர்கள் அதே சொல்லால் குறித்தனர். அந்த ஆட்டம் நியூ ஆர்லியன்ஸிலிருந்து நீராவிப் படகுகளில் ஏறி மிசிசிப்பி ஆற்றின் கரையூர்களுக்கெல்லாம் பரவியது; அவற்றுள் ஒன்றான விக்ஸ்பர்க்கில், 1835 ஜூலையில், ஐந்து சூதாடிகளை ஊர்மக்களே விசாரணையின்றித் தூக்கிலிட்டனர்.

பிளஃப் என்பதன் இந்த இரு பொருள்களும் நேருக்கு நேர் நின்றது அதே ஊரில்தான். பனியுக முடிவில் காற்று கொண்டுவந்து குவித்த லோயஸ் என்னும் நுண்வண்டலால் ஆன, அவ்வூர் அமைந்த ஆற்றங்கரை மேட்டின் உச்சியில், அமெரிக்க உள்நாட்டுப் போரின்போது தென்னவரின் கூட்டமைப்புப் படை பீரங்கிகளை நிறுத்தி ஆற்றுப் போக்குவரத்தை மறித்திருந்தது. வடவரின் இண்டியனோலா என்னும் இரும்புக்கவசப் படகு 1863 பிப்ரவரி 24 அன்று ஊருக்குத் தெற்கே எதிரிகளிடம் சிக்கியது. அதை அவர்கள் பழுதுபார்த்துப் பயன்படுத்திவிடுவர் என்று அஞ்சிய கடற்படைத் தளபதி டேவிட் டிக்சன் போர்ட்டர், பழைய தோணி ஒன்றைப் போலிப் போர்க்கப்பலாக மாற்றச் செய்தார். பன்றியிறைச்சிப் பீப்பாய்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிப் புகைபோக்கிகளும், மரத்துண்டுகளால் பீரங்கிகளும் அமைத்து, கரும்புகை எழுவதற்காகத் தாரும் சணற்கழிவும் எரியவிட்டு, ஆளே இல்லாமல் அதை நீரோட்டத்தில் மிதக்கவிட்டனர். செலவு 8 டாலர் 63 சென்ட் என்பது போர்ட்டரின் கணக்கு. மேட்டுப் பீரங்கிகள் அதன்மீது குண்டு பொழிந்தன. பெரும் போர்க்கப்பல் வருகிறது என்ற செய்தி பரவியதும், கைப்பற்றிய இண்டியனோலாவைத் தென்னவர் தாங்களே வெடிவைத்துத் தகர்த்தனர்.

இவ்வளவு மலிவான ஏமாற்று இவ்வளவு பெரிய பலன் தந்தது வியப்புக்குரியதே. எனினும், அதனால் மேட்டை அசைக்க முடியவில்லை. அதற்கு வடவரின் தளபதி யுலிசஸ் கிராண்ட் மே மாதம் தொடங்கி 47 நாள் முற்றுகையிட வேண்டியிருந்தது. வெட்டினாலும் எளிதில் சரியாத அந்த லோயஸ் மண்ணில் குகை தோண்டிக் குடும்பம் குடும்பமாகக் குண்டுமழைக்கு ஒதுங்கிய மக்கள், உணவு தீர்ந்தபோது கோவேறு கழுதை இறைச்சியையும் உண்ண நேர்ந்தது. 1863 ஜூலை 4 அன்று விக்ஸ்பர்க் சரணடைந்தது.