மதுரைச் சமவெளியும் மழையும்

ஆடி மாதத்தில் மதுரைக்கு மேற்கே உசிலம்பட்டிப் பக்கத்துச் சிற்றூர்களில் தங்கியவர்கள் அக்காற்றை மறக்கமாட்டார்கள். பகலெல்லாம் ஓயாது வீசும். வறண்ட கண்மாய்களின் புழுதியை வாரி வந்து வீட்டுக்குள் இறைக்கும். நான் சிறுவனாயிருந்தபோது என் பாட்டனார் மேற்கே திரண்ட கார்மேகத்தைச் சுட்டிக்காட்டி, "அது நமக்கு இல்லையப்பா, மலைக்கு அந்தப் பக்கத்தாருக்கு" என்பார். அச்சொல்லின் பொருள் எனக்குப் பின்னாளில்தான் விளங்கிற்று.

தென்மேற்குப் பருவக்காற்று மேலைக் கடலிலிருந்து நீராவியைச் சுமந்து வருகிறது. மலையேறும்போது குளிர்ந்து, சுமையை மழையாகப் பொழிந்துவிடுகிறது. மலையைக் கடந்து இறங்குகையில் வெப்பமுற்று வறண்டு போகிறது. ஆகவே மதுரைச் சமவெளிக்கு ஆடியில் வருவது பெரும்பாலும் காற்றும் புழுதியுமே. ஐப்பசியில் வடகிழக்குப் பருவமழை பெய்து அப்புழுதியைக் கழுவும். மார்கழி விடியற்காலையிலோ, குளிர்ந்த நிலத்தையொட்டிப் பனியும் அடுப்புப் புகையும் மேலெழ வழியின்றித் தேங்கி நிற்கும். இதுவே நம் சமவெளிக் காற்றின் ஆண்டுச் சுழற்சி.

ஐப்பசி மழை பொய்த்தால் என்ன ஆகும்? 1876-ஆம் ஆண்டு அதற்கு விடை தந்தது. அவ்வாண்டு வடகிழக்குப் பருவமழையும், அடுத்த ஆண்டு தென்மேற்குப் பருவமழையும் பொய்த்தன. தாது வருஷப் பஞ்சம் என்று நம் முன்னோர் நடுக்கத்துடன் சொல்லி வந்தது அதைத்தான். சென்னை மாகாணத்தில் இலட்சக்கணக்கானோர் பசியாலும் நோயாலும் மாண்டனர். மதுரை ஜில்லாவிலிருந்து பலர் இலங்கையின் காப்பித் தோட்டங்களுக்குப் பிழைப்புத் தேடிச் சென்றனர்.

மாணவர்களே, அப்பஞ்சத்திற்குப் பின் இரண்டு மலைகளின்மேல் இரண்டு பெரும்பணிகள் நிகழ்ந்தன. ஒன்று, நீங்கள் நன்கறிந்த பெரியாற்று அணை. மேற்கே ஓடும் ஆற்றைக் கிழக்கே திருப்பும் எண்ணம் பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியிலேயே இராமநாதபுரம் பிரதானி முத்திருளப்ப பிள்ளைக்கு உதித்ததாகக் கூறுவர். பஞ்சம் அதற்கு அவசரத்தைக் கொடுத்தது. பென்னி குயிக் அவர்களின் மேற்பார்வையில் எழுந்த அணை 1895-இல் திறக்கப்பெற்றது. ஒரு மைலுக்கு மேற்பட்ட நீளமுள்ள சுரங்கத்தின் வழியே நீர் மலையைக் கடந்து, வைரவனாறு, சுருளியாறு வழியாக வைகையை அடைந்தது. பேரணையில் பிரிந்து, மேலூர் வரை வயல்களை நனைத்தது. "அந்தப் பக்கத்தாருக்கு" உரிய மழையின் ஒரு பங்கு இந்தப் பக்கத்தாருக்கும் கிட்டிற்று.

மற்றொன்று பலர் அறியாதது. 1877-இல் ஹண்டர், லாக்கியர் என்னும் ஆங்கிலேயர் இருவர், சூரியனில் தோன்றும் கரும்புள்ளிகள் ஏறக்குறையப் பதினோர் ஆண்டுக்கு ஒருமுறை பெருகிக் குறைவதற்கும் தென்னாட்டுப் பஞ்சங்களுக்கும் தொடர்பு உண்டென எழுதினர். சூரியனை நாள்தோறும் கவனித்தால் மழையை முன்னறியலாம் என்ற நம்பிக்கை பிறந்தது. ஆனால் புழுதி படிந்த சமவெளிக் காற்றினூடே சூரியனைத் தெளிவாகக் காண இயலுமா? தூசற்ற, உயர்ந்த இடம் வேண்டும். எனவே 1893-இல் கொடைக்கானல் தேர்ந்தெடுக்கப்பெற்றது. 1899-இல் மிச்சி ஸ்மித் தலைமையில் அங்கே சூரிய ஆய்வுக்கூடம் நிறுவப்பெற்றது. கொடைக்கானல் அக்காலத்தில் மதுரை ஜில்லாவைச் சேர்ந்தது.

சூரியப் புள்ளிகள் மழையின் வருகையைக் கூறினவா? இல்லை, எதிர்பார்த்த திறவுகோல் அங்கே கிடைக்கவில்லை. எனினும் உழைப்பு வீண்போகவில்லை. 1909-இல் எவர்ஷெட் என்பவர், கரும்புள்ளிகளில் வாயுக்கள் மையத்திலிருந்து வெளிநோக்கிப் பாய்வதை அங்கே கண்டறிந்தார். அவ்விளைவு இன்றும் அவர் பெயராலேயே வழங்குகிறது.

மழையின் திறவுகோலுக்கு ஒரு பகுதி வேறிடத்தில் கிடைத்தது. 1904 முதல் 1924 வரை இந்திய வானிலைத் துறையின் தலைவராயிருந்த கில்பர்ட் வாக்கர், பசிபிக் கடலின் காற்றழுத்தமும் இந்தியக் கடலின் காற்றழுத்தமும் தராசுத் தட்டுகளைப்போல் மாறி மாறி ஏறி இறங்குவதைக் கணக்கிட்டுக் காட்டினார். நம் இராமானுஜனுக்கு உதவித்தொகை கிடைக்கப் பரிந்துரைத்தவரும் இவரே. 1877-இல் பசிபிக் கடலின் நீர் பெருமளவு வெப்பமுற்றிருந்ததென இன்று அறிகிறோம். எல் நினோ என்று இதனைக் குறிப்பிடுகிறோம். உசிலம்பட்டிக் கண்மாய் வறளுவதற்கு ஒரு காரணம் உலகின் மறுகோடியிலும் இருக்கக்கூடும்!

பெரியாற்றுக் கால்வாய் எங்கள் ஊரை எட்டவில்லை. என் பாட்டனார் கடைசிவரை மேகத்தைப் பார்த்தே விதைத்தார். அணை நீரைத் தேக்கும், அறிவு முன்னறிவிக்கும், ஆயினும் பெய்த மழையைக் காப்பது கண்மாயே. அதைத் தூர்ந்துபோக விடாதிருப்பது, மலையேறாமலே நாம் ஒவ்வொருவரும் செய்யக்கூடிய பணி அன்றோ?