சேர்வராயன் பாம்பும் ஒரு மெட்ராஸ் மருத்துவ இதழும்

சேர்வராயன் மலையில் மண்ணுக்குள் வாழும் ஒரு பாம்புக்கு யூரோபெல்டிஸ் ஷார்ட்டி என்று பெயர். கூர்மூக்கால் மண்ணைத் துளைத்துப் போகும். வால் நுனி சாய்வாகச் சீவிவிட்டதுபோல் இருக்கும். அந்த இடத்தில் செதில்கள் சொரசொரவென்று மண் அப்பிக் கிடக்கும். விஷம் கிடையாது, மண்புழுதான் தீனி. காபித் தோட்டத்தில் களை கொத்தும்போது அகப்பட்டால் மண்வெட்டிக்குத் தப்புவது கஷ்டம். ஏட்டிலும் அது தப்புவதற்குப் பட்ட பாடு கொஞ்சமல்ல.

1863இல் பெயர் வைக்கப்பட்ட இந்தப் பாம்பு, பிறகு வெகுகாலம் யூரோபெல்டிஸ் சைலானிகா என்ற வேறொரு இனத்தோடு ஒன்றாகவே எண்ணப்பட்டது. (பெயரில் சிலோன் இருந்தாலும் சைலானிகா இலங்கையில் கிடையாது, மேற்குத் தொடர்ச்சி மலையைச் சேர்ந்தது. வகைப்பாட்டியலில் இப்படிப்பட்ட வேடிக்கைகள் ஏராளம்.) 2014இல் எஸ்.ஆர். கணேஷ் உள்ளிட்ட மூவர் இது தனி இனமே என்று காட்டி, பழைய பெயருக்கு மறுபடி உயிர் கொடுத்தார்கள். கட்டுரை வந்தது கோயம்புத்தூரிலிருந்து வெளியாகும் ‘ஜர்னல் ஆஃப் த்ரெட்டன்ட் டாக்ஸா’ இதழில். என் தேடல் அங்கிருந்துதான் கிளம்பியது. நூற்றைம்பது வருஷத்துக்கு முந்தைய பெயரை மீட்க வேண்டுமென்றால் முதல் வர்ணனையை யாராவது படித்திருக்க வேண்டும். அந்த ஏடு எங்கே இருக்கிறது?

பெயர் வைத்தவர் ரிச்சர்ட் ஹென்றி பெடோம். ராணுவ அதிகாரியாக வந்து மெட்ராஸ் மாகாண வனத்துறைக்குத் தலைவரானவர். ஊர்வனவற்றுக்கான நூற்பட்டியலில் அவர் பெயருக்குக் கீழே பார்த்தால் 1863க்கு மட்டும் ஒன்றுக்கு மேற்பட்ட பதிவுகள். ஒன்று லண்டன் விலங்கியல் கழகத்தின் ‘ப்ரொசீடிங்ஸ்’, பக்கம் 225 முதல் 229 வரை. ஷார்ட்டியும் சேர்ந்த தென்னிந்தியக் கேடயவால் பாம்புக் குடும்பத்தைப் பற்றிய இந்தக் கட்டுரையைப் படிக்கச் சிரமமே இல்லை. பயோடைவர்சிட்டி ஹெரிடேஜ் லைப்ரரி என்ற இணைய நூலகத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. மற்றொன்றுதான் ஆட்டம் காட்டியது: ‘மெட்ராஸ் குவார்டர்லி ஜர்னல் ஆஃப் மெடிக்கல் சயன்ஸ்’, தொகுதி 6, பக்கம் 41 முதல் 48 வரை. மாகாணத்துப் பாம்புகளைப் பற்றிய மேலும் சில குறிப்புகள், கூடவே புதிய இனங்களின் வர்ணனை.

ஒரே ஆள், ஒரே வருஷம், இரண்டு ஊர், இரண்டு இதழ். விலங்குப் பெயர்களில் முந்தியதற்கே உரிமை என்பதால், எந்த இதழில் என்ன இருக்கிறது, எது முதலில் வெளியானது என்பதெல்லாம் வழக்கு மாதிரி விசாரிக்க வேண்டிய சங்கதி. இதழ்களுக்கு நடுவே இப்படி ஒரு போட்டி அன்றே இருந்தது. மெட்ராஸில் கொடுத்தால் சீக்கிரம் அச்சேறும், பக்கத்து ஆட்கள் படிப்பார்கள். லண்டனில் கொடுத்தால் உலகம் படிக்கும். பெடோம் இரண்டு பக்கமும் கொடுத்தார்.

பாம்புக்கு மருத்துவ இதழில் என்ன வேலை என்று கேட்கலாம். அந்தக் காலத்தில் இயற்கையியல் படித்தவர்களில் பாதிப் பேர் பட்டாளத்து டாக்டர்கள். இந்தப் பாம்பின் பெயரில் இருக்கும் ஜான் ஷார்ட்டும் அப்படி ஒரு டாக்டர்தான். மெட்ராஸ் ராணுவத்தில் சர்ஜன். காபி பயிரிடுவதற்கு 1864இல் கையேடு எழுதினார். தென்னிந்திய மலைத்தொடர்களைப் பற்றிப் பகுதி பகுதியாக நூல் போட்டார். ஓய்வுக்குப் பின் சேர்வராயன் மலையிலுள்ள ஏற்காட்டிலேயே தங்கி 1889இல் இறந்தார்.

மெட்ராஸ் இதழைத் தேடிச் சென்னையில் அலைந்தேன். ஒரு பழைய நூலகத்தில் அட்டவணையில் பெயர் இருந்தது. அடுக்கில் நான் கேட்ட தொகுதி இல்லை. இன்னொரு தொல்லை, 1870இல் பெடோமின் கட்டுரைகள் ‘மெட்ராஸ் மன்த்லி ஜர்னல் ஆஃப் மெடிக்கல் சயன்ஸ்’ என்ற பெயரில் வருகின்றன. காலாண்டு, மாதம் என்று பெயர் மாறினால் அட்டவணைக்காரர் வேறு பெட்டியில் போட்டுவிடுவார்.

துப்பு கிடைத்தது நூற்பட்டியலிலேயே. நான் பலமுறை தாண்டிப்போன ஒரு சதுர அடைப்புக்குள் ‘மறுபதிப்பு, 1940’ என்று இருந்தது. இயற்கை வரலாற்று நூல்விவரங்களைத் தொகுப்பதற்கென்று 1936இல் லண்டனில் தொடங்கிய ஒரு கழகம், தன் இதழின் முதல் தொகுதி பத்தாம் பகுதியில், 279ஆம் பக்கம் தொடங்கி, பெடோம் மெட்ராஸ் மருத்துவ இதழ்களில் எழுதியவற்றைத் திரும்ப அச்சிட்டிருக்கிறது. நான் தேடிய எட்டுப் பக்கம் அங்கே 306 முதல் 314 வரை. லண்டனில் குண்டு விழுந்த வருஷத்தில், மெட்ராஸில் அச்சான பாம்புக் குறிப்புகளை மறுபடி அச்சுக் கோத்த அந்த மனிதர்களுக்குக் கும்பிடு போடத்தான் வேண்டும்.

இன்றைய ஆய்விதழ்ச் சண்டைகளை இந்தக் கண்ணோடுதான் பார்க்கிறேன். 2019இல் சேர்வராயன் மலையிலிருந்து இரண்டு புதிய பல்லியினங்கள் ‘ஜூடாக்ஸா’ இதழில் வர்ணிக்கப்பட்டன. அதில் ஒன்றின் பெயர் நெமாஸ்பிஸ் ஷெவராயென்சிஸ். நியூசிலாந்திலிருந்து வரும் அந்த இதழில் கட்டுரை எல்லோருக்கும் திறந்து கிடக்க வேண்டுமானால் எழுதியவர் காசு கட்ட வேண்டும். இல்லையென்றால் படிப்பவர் கட்ட வேண்டும். 2020இல் கிளாரிவேட் நிறுவனம், ஜூடாக்ஸா தன் கட்டுரைகளையே அளவுக்கு மீறி மேற்கோள் காட்டுகிறது என்று சொல்லி, அதற்கு இம்பாக்ட் ஃபேக்டர் என்ற மேற்கோள் மதிப்பெண்ணைத் தர மறுத்தது. உலகத்திலேயே மிக அதிகமாகப் புதிய விலங்கினங்களை வெளியிடும் இதழ் தன் பழைய பக்கங்களைக் காட்டாமல் யார் பக்கங்களைக் காட்டும்? வகைப்பாட்டியலாளர்கள் கூச்சல் போட்டார்கள். சில வாரங்களில் முடிவு மாறியது. எண்ணை வைத்து இதழை எடைபோடுகிறவர்கள் துறையைப் படிப்பதில்லை என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம்.

நம் ஊர்க் கதையும் அதேதான். சேலத்தில் ஒரு கல்லூரி ஆசிரியரிடம் கோயம்புத்தூர் இதழைப் பற்றிச் சொன்னபோது அவர் கேட்ட முதல் கேள்வி: “அது கேர் லிஸ்ட்ல இருக்கா சார்?” அவரைக் குறை சொல்ல முடியாது. பதவி உயர்வு அதில் தொங்கியது. பல்கலைக்கழக மானியக் குழு 2018இல் தன் ஒப்புதல் பட்டியலிலிருந்து 4,305 இதழ்களை ஒரே அடியாக நீக்கியது. 2019இல் அதற்குப் பதிலாக ‘கேர்’ என்ற இதழ்ப் பட்டியல் வந்தது. 2025 பிப்ரவரியில் அதையும் கைவிட்டது. இடையில் காசு வாங்கிக்கொண்டு கண்ணை மூடி அச்சிடும் கடைகள் நன்றாகவே பிழைத்தன. இன்னொரு கோடியில் ‘நேச்சர்’ இதழில் திறந்த அணுக்கத்துக்கு 2021 தொடக்கத்தில் வைத்த விலை 9,500 யூரோ. ஆய்விதழ்களுக்கு மொத்தமாகச் சந்தா கட்டும் ‘ஒரே நாடு ஒரே சந்தா’ திட்டத்துக்கு மூன்று வருஷத்துக்கு 6,000 கோடி ரூபாய் ஒதுக்கிய மத்திய அரசு, அரசு நிறுவனங்களோடு நிறுத்திக்கொண்டது. தனியார் கல்லூரி மாணவரும், எந்த நிறுவனத்திலும் சேராத பாம்பு ஆர்வலரும் வெளியே.

கோயம்புத்தூர் இதழ் 2009 முதல் இந்தப் பெயரில் வருகிறது. நடத்துவது சாலி வாக்கர் தொடங்கிய ஜூ அவுட்ரீச் அமைப்பு. படிப்பவரிடமும் எழுதுபவரிடமும் கட்டணம் வாங்காமல் நடத்துவதே அதன் கொள்கை. ஷார்ட்டியின் மறுவாழ்வு அதில் வந்ததால்தான் ஏற்காட்டில் கைபேசி வைத்திருக்கும் யாரும் அதைப் படிக்க முடிகிறது. உள்ளூர் இதழ் என்றால் இளப்பம் என்பவர்கள், மெட்ராஸ் காலாண்டிதழ் தொலைந்ததைத்தான் உதாரணம் காட்டுவார்கள். அது தொலைந்ததற்கு உள்ளூரில் அச்சானது காரணமில்லை. பிரதிகளைக் காக்க யாரும் பொறுப்பேற்காததுதான் காரணம். விலங்குப் பெயர்களுக்கான சர்வதேச விதித்தொகுப்பு 2012இல் திருத்தப்பட்டபோது இதற்குத்தான் வழி செய்தது. மின்வடிவில் மட்டும் வெளியாகும் கட்டுரையை ஜூபேங்க் பதிவேட்டில் முன்கூட்டியே பதிய வேண்டும். அந்தப் பதிவில், பதிப்பாளர் அல்லாத எந்த அமைப்பு அதை நிரந்தரமாகப் பாதுகாக்கும் என்பதையும் குறிப்பிட வேண்டும். அதே விதித்தொகுப்பு சக மதிப்பாய்வையோ இம்பாக்ட் ஃபேக்டரையோ கேட்பதில்லை.