சக்கர நாற்காலியில் வரும் மாணவருக்குப் பள்ளி என்ன செய்ய வேண்டும்?

"இங்க பிள்ளையைப் பார்த்துக்க ஆள் இல்லைங்க, வேற ஸ்கூல் பாருங்க." சேர்க்கைக்குப் போன இடத்தில் இப்படிச் சொன்னால், உடனே திரும்பிவிடாதீர்கள்.

சட்டம் என்ன சொல்கிறது?

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016-இன்படி, அரசு நிதி அல்லது அங்கீகாரம் பெற்ற பள்ளிகள் பாகுபாடின்றிச் சேர்க்க வேண்டும். கட்டடமும் வளாகமும் அவர்கள் பயன்படுத்தும்படி இருக்க வேண்டும். 40 சதவீதம் அல்லது அதற்கு மேல் குறைபாடு எனச் சான்று இருந்தால், 6 முதல் 18 வயது வரை இலவசக் கல்வி உரிமை.

நிலவரம் எப்படி?

மத்தியக் கல்வி அமைச்சகத்தின் 2024-25 தரவுப்படி, கைப்பிடியுடன் கூடிய சாய்தளம் இருப்பது 54.9% பள்ளிகளில்தான். சாய்தளம் இருந்தா மட்டும் போதுமா? 1 அடி உயரத்துக்கு 12 அடி நீளம் வேண்டும். அதைவிடச் செங்குத்தாக இருந்தால், பின்னால் தள்ள ஆள் தேவைப்படும்.

செலவில்லாத உதவி உண்டா?

உண்டு. மாடியில் இருக்கும் வகுப்பைத் தரைத்தளத்துக்கு மாற்றச் சொல்லுங்கள்.

தேர்வு நேரத்தில்?

கையால் எழுத முடியாதவர் உதவி எழுத்தரைக் கேட்கலாம். மத்திய அரசின் வழிகாட்டுதல்படி, ஒரு மணி நேரத்துக்குக் குறைந்தது 20 நிமிடம் கூடுதல்.

மறுத்தால்?

வாய்வார்த்தையாக விடாதீங்க. கோரிக்கையை எழுத்தில் கொடுத்து, நகலில் கையெழுத்து வாங்குங்கள். அதை வைத்து மாநில மாற்றுத்திறனாளிகள் ஆணையரிடம் புகார் செய்யலாம்.